சட்டி உடைக்கிற கை

பச்சைப் பூண்டுப் பல் ஒன்றை நறுக்கென்று கடித்துக்கொண்டே கெங் ருய்லான் அறுப்பு மெஷினைத் திருப்புகிறாள். ஒரு கை ஸ்டியரிங்கில். மறு கையில் ஆவியில் வெந்த மந்தோ ரொட்டி. கோதுமை முற்றிவிட்டால் சாப்பாட்டு வேளை என்று அவளுக்குத் தனியாக ஒன்று கிடையாது.

ஆம்பிளைகள் எல்லாம் கட்டட வேலைக்குப் பட்டணம் போய்விட்டார்கள். ஊர் வயல் முழுக்கப் பெண்கள் தலையில். அவள் மெஷின் வாங்கிய அன்றைக்குச் சிரித்த கிழவர்கள்தான் இப்போது வரப்பில் நின்று, "நாளைக்கு நம்ம வயலுக்கு வந்துடும்மா" என்று கெஞ்சுகிறார்கள். "பொம்பளை ஓட்டுனா வெளங்காதுன்னு சொன்ன வாய்தானே? போய்க் கொப்பளிச்சுட்டு வாங்க" என்பாள். சொல்லிவிட்டுப் போய் அறுத்தும் கொடுப்பாள்.

கை நீட்டிய புருஷனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவள். வாதத்தில் விழுந்த அப்பாவைத் தூக்கி உட்காரவைத்ததும் துடைத்துவிட்டதும் அவள்தான். தலை சாய்க்க அவளுக்கு அந்த வீட்டை விட்டால் வேறு கதி இல்லை.

போன மாதம் அப்பா கண்ணை மூடினார். செத்தவர் செலவுக்கென்று காகிதப் பணம் எரித்த மண்சட்டியை மகன் செங்கல்லில் போட்டு உடைத்தால்தான் சவப்பெட்டி கிளம்பும். மகன் இல்லாத வீட்டில் சட்டியை உடைக்கிறவன் எவனோ, வீடு அவனுக்கு. இத்தனை நாள் எட்டிப் பார்க்காத சித்தப்பா மகன் பாவ்தாங், அன்று வெள்ளைத்துணி கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து சட்டியை எடுத்துக்கொண்டான். அழுகை வேறு!

"சட்டியைக் குடுடா."

"நீ கட்டிக்குடுத்துப் போனவக்கா. பொம்பளை உடைச்சா குலம் விளங்குமா?"

"அப்பாவுக்குப் பீ மூத்திரம் அள்ளினப்போ உன் குலம் எங்கேடா போயிருந்துச்சு? மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னுச்சா?"

கிழவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஆனாலும் ஒருவர், "நீ உடைச்சுடுப்பா, நேரமாகுது" என்று பாவ்தாங்குக்குக் கண்ணைக் காட்டினார். ருய்லான் செங்கல்லின்மேல் காலை வைத்து நின்றுகொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் அவன் சட்டியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டான்.

அவன் சட்டியைக் கல்லுக்குக் கொண்டுவரவில்லை. அவள் குனிந்து, கல்லைச் சட்டிக்குக் கொண்டுபோனாள். படார்! அவன் கைக்குள்ளேயே சட்டி சுக்குநூறானது. வெள்ளைத்துணியெல்லாம் சாம்பல்.

சட்டி உடைந்தபின் பெட்டியைத் தாமதிக்கக் கூடாது. சுமக்க வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னண்ணே முழிக்கிறீங்க? எங்கப்பா காத்துக்கிட்டிருக்காரு, தூக்குங்க!"

பெட்டிக்கு முன்னால் மகன் பிடித்துப்போகும் வெள்ளைக்கொடியை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல், முன்னால் நடந்தாள்.