பின்னால் உருண்ட கார்

எங்களிடம் இருந்தது ஒரு பழைய அமெரிக்கக் கார். தொண்ணூறுகளின் நடுவில், தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போன ஒரு துரையிடம் வாங்கியது. எங்கள் தெமோதரைப் பாதையில் அது வந்தால் எதிரே வரும் பஸ்கூட ஒதுங்கி நிற்கும். அவ்வளவு அகலம், அவ்வளவு பாரம். பள்ளத்தில் விழுந்தாலும் உள்ளே இருப்பவர்களுக்கு மெல்ல ஆடியது போலத்தான் இருக்கும். கிளச் கிடையாது, கியர் தானாகவே மாறும்.

ஹல்துமுல்லையில் வாழ்க்கைப்பட்ட என் மகளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவது தங்கியபோது, பிரசவத்துக்கு அவளை இந்தக் காரில்தான் வீட்டுக்கு அழைத்து வருவது என்று முடிவு செய்தேன். வேனில் குலுங்க விடமாட்டேன் என்று சம்பந்தியிடமும் சொல்லிவிட்டேன். அந்தச் சமயம் பார்த்து காரின் டோர்க் கன்வேட்டர் பழுதானது.

எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் பூசணிக்காய் போல உட்கார்ந்திருக்கும் உருண்டை அது. உள்ளே எண்ணெய். எஞ்சின் பக்கத்து விசிறி எண்ணெயைத் தள்ளும், அந்த எண்ணெய் எதிர்ப்பக்க விசிறியைச் சுற்றும், கார் நகரும். நான் விஞ்ஞான ஆசிரியன். கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே பிடித்துக்கொள்ளும் வகை ஒன்று. நன்றாக உறுமிய பிறகே பிடிக்கும் வகை இன்னொன்று. இது பந்தயக்காரர்களுக்கானது, கார் பாய்ந்து கிளம்பும். எங்கள் பாரத்துக்கும் மலைக்கும் முதலாவதுதான் சரி. மெதுவாக ஏறினாலும் எண்ணெய் கொதிக்காது. ஏற்றத்தில் பிரேக்கை விட்டாலும் கார் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். இதை மனைவிக்கும் மகனுக்கும் சாப்பாட்டு மேசையில் படம் வரைந்து காட்டினேன்.

மகன் பதுளையில் ஒரு உதிரிப்பாகக் கடையில் வேலை செய்தான். கார்ப் பந்தயம் என்றால் சோறு வேண்டாம். கொழும்பில் வாங்கி வந்து பூட்டுவது அவன் பொறுப்பு.

“பாய்ஞ்சு ஓடுறத வாங்கிட்டு வந்துடாத,” என்றேன்.

“அக்காவுக்குத்தானப்பா. எனக்குத் தெரியாதா? இந்த யானைய வச்சுக்கிட்டு எந்தப் பந்தயத்துக்குப் போறது?”

மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பூட்டியபின் வாசலில் ஓட்டிப் பார்த்தேன். நகர்வதற்கு முன் எஞ்சின் கூடுதலாக உறுமியது. கேட்டதற்கு, “புதுசுப்பா. கொஞ்சம் ஓடினா சரியாப் போயிரும்,” என்றான்.

மகளை அழைக்க மூவரும் போன அன்று அவனே ஓட்டினான். ஹப்புத்தளை வரைக்கும் ஏற்றம். பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டான். வளைகாப்பு முடிந்து புறப்படும்போது சாவிக்குக் கை நீட்டினேன்.

“நானே ஓட்டுறேன்ப்பா.”

“எம் மகள நாந்தான் கூட்டிட்டுப் போவேன்.”

அவன் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தான். அக்கா மேல் இவ்வளவு பாசமா என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. சம்பந்தியம்மா சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். நசுக்கிக்கொண்டு கிளம்பினோம்.

மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். அன்று இறங்கி வந்த பஸ் விடவில்லை. முன்னால் ஏறிக்கொண்டிருந்த தேயிலைக் கொழுந்து லொறி நின்றது, நானும் நிறுத்தினேன். பஸ் கடந்ததும் லொறி நகர்ந்தது. எப்போதும்போல் பிரேக்கை விட்டேன். கார் பின்னால் உருண்டது. மகள் இருக்கிறாளே என்று அக்ஸிலேட்டரை மெல்ல அழுத்தினேன். எஞ்சின் உறுமியது, கார் பின்னாலேயே போனது. கண்ணாடியில் பாதையோரத்து வெள்ளைக் கல் தெரிந்தது, அதற்கு அப்பால் வெறும் வானம். பின் இருக்கையில் மகள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த மகன் ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். கார் நின்றது. அவன் கை முதலிலிருந்தே அதன்மேல்தான் இருந்திருக்கிறது.

“அப்பவே சொன்னேனேடா,” என்றாள் பின்னாலிருந்து என் மனைவி, “அப்பா சொன்னதையே போடுன்னு.”

நான் திரும்பிப் பார்த்தேன். “உனக்குத் தெரியுமா?”

“சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா? நல்ல காரியம் நடக்கிற நேரத்துல வீட்ல சண்டை வேணாமேன்னுதான்...”

மகன் கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி சொன்னான். “நீங்க சொன்னதும் கடையில இருந்துச்சுப்பா. பசங்களோட ஒரு பந்தயம் இருக்கு. முடிஞ்சதும் மாத்திரலாம்னு பார்த்தேன்.”

“கதவத் திறங்க,” என்றாள் மகள். “நான் எறங்கணும்.”

வேன் ஒன்றை மறித்து அம்மாவும் மகளும் அதில் வீடு வந்து சேர்ந்தார்கள். யாருக்காக அத்தனை நாள் வாசித்தேனோ, அவள் வேனில் குலுங்கிக்கொண்டு போனாள். மகன் காரை ஓட்டி வந்தான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்.

பேரன் நலமாகப் பிறந்தான். அதற்கு முன்பே மகன் சரியான கன்வேட்டரை வாங்கிப் பூட்டிவிட்டான். குழந்தையோடு முதல்முறை ஹல்துமுல்லைக்குப் போன அன்று, பண்டாரவளைக்கு இந்தப் பக்கம் ஓர் ஏற்றத்தில் எல்லா வண்டிகளும் நின்றன. பிறகு முன்னால் இருந்தவை நகர்ந்தன.

“இப்ப நிக்கும்ப்பா. கால எடுத்துப் பாருங்க,” என்றான் மகன்.

“நிக்குதுங்க. நானும் பார்த்தேன்,” என்றாள் மனைவி.

உறுமல் இல்லை. நான் தேர்ந்தெடுத்ததுதான் உள்ளே இருந்தது என்று எனக்கும் தெரிந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். பிரேக்கிலிருந்து என் கால் எழவில்லை.