பெயரில்லாத பதின்மூன்றாம் சீட்டு

சாட்சியாக நில்லுங்கள், வாசகரே! மலர்க்கொடியின் மேடையைப் பொய் சொல்லிப் பறித்தவன் நான். கோப்பை என் அலமாரியில் இருக்கிறது, அது என்னுடையதன்று.

கல்லூரிப் பேச்சு மன்றத்தில் எனக்கு ஓராண்டு இளையவள் அவள். பச்சைமலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள். ஒத்திகைகளில் மூன்று முறை என் வாயை அடைத்தவள்... அதை நான் மறக்கவில்லை.

என்னிடம் ஒரு சீட்டுக்கட்டு இருந்தது. பிரான்சின் மார்செய் நகரத்துப் பழைய தாரோ, அதாவது டாரட், மரபில் அச்சிட்டது. தடித்த கறுப்புக் கோடுகள். நிழலே விழாத சிவப்பு, நீலம், மஞ்சள். கோட்டைத் தாண்டிக் கசிந்த வண்ணம். அரசன், துறவி, ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குபவன்... எவர் முகத்திலும் கலக்கமில்லை. கனவில் வருபவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்!

முதலில் அது வெறும் விளையாட்டுச் சீட்டு. அதில் குறி பார்த்தவர்கள் பிற்காலத்தார். இதை மேடையிலேயே முழங்கியவன் நான்.

இறுதிப் போட்டிக்கு முந்தைய பிற்பகல். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபப் படித்துறை. காவிரி வெயிலில் உருகிக் கிடந்தது.

“எனக்கும் ஒண்ணு எடுங்கண்ணா. நாளைக்கு நீங்க என்கிட்ட தோக்குறீங்களான்னு பாப்போம்,” என்று சிரித்தாள்.

அவள் தந்தைக்குக் காய்ச்சல் என்று காலையில்தான் சொல்லியிருந்தாள். மூலை மடிந்த சீட்டை அறிந்தே மேலே வைத்தேன். பதின்மூன்று. பட வரிசையில் அதற்கு மட்டும் பெயர் எழுதும் வழக்கமில்லை. கரிய நிலத்தில் ஓர் எலும்புருவம் நீண்ட அரிவாள் வீசுகிறது. மண்ணில் தலைகளும் கைகளும் முளைத்துக் கிடக்கின்றன.

அவள் சிரிப்பு நின்றது.

“அப்பாவ ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடு, மலரு,” என்றேன். குரலை எங்கே தாழ்த்த வேண்டும் என்று எனக்குத் தெரியும்...

அன்று மாலையே பஸ் ஏறினாள். மறுநாள் நான் வென்றேன். கைதட்டலுக்கு நடுவே அரங்கின் தரை கறுத்துப்போயிற்று. வரிசை வரிசையாகத் தலைகள், தட்டும் கைகள்... வெட்டியவன் யார்? நானல்லவா!

மூன்றாம் நாள் திரும்பினாள். “அப்பா உக்காந்து மரவள்ளி உரிச்சுக்கிட்டு இருக்காருண்ணா! போட்டிய விட்டுட்டு ஏன் வந்தேன்னு ஒரே திட்டு.”

அப்போதே சொல்லியிருக்கலாம். எட்டு மாதங்கள் சொல்லவில்லை. நேற்று, நூலக வாசலில், சொன்னேன். ஏற்ற இறக்கத்தோடு, அழகாகவே சொன்னேன்... அதுவும் ஒரு குற்றமோ?

“நல்லாப் பேசுறீங்கண்ணா,” என்றாள். “கை தட்டணுமா?”

பதிலுக்கு நிற்காமல் நடந்தாள். அவள் முதுகை நோக்கி, போவோர் வருவோர் திரும்பிப் பார்க்க, உரக்கச் சொன்னேன்:

“திங்கக்கிழமை மன்றத்துல, கோப்பைய மேசை மேல வச்சுட்டு, உன்ன ஏமாத்தித்தான் ஜெயிச்சேன்னு சொல்றேன், மலரு. அந்த ஒரு வரிதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டேன்!”