குருநகரில் அணையாத வெளிச்சம்

பொழுது பட்டுவிட்டது. விடியவே கரை சேர்ந்திருக்க வேண்டிய கணவனின் படகு வராததால், குருநகர் இறங்குதுறையில் ஜெசிந்தா காத்து நிற்கிறார். பகல் முழுவதும் கடலில் தேடியவர்கள் கணவனைக் காணாமல் திரும்பிவிட்டார்கள். மேற்கே, கடலுக்குச் சற்று மேலே, சிவந்த வெளிச்சம் ஒன்று நடுங்குகிறது.

“அண்ணை, அவர்தான் உதவி கேட்டு வானத்திலை பரா வெளிச்சம் விடுறார். போட்டை எடுங்கோ!” என்கிறார் ஜெசிந்தா.

இயந்திரத்தில் கை வைத்த மீனவர் தயங்குகிறார். “பொறு தங்கச்சி. பரா எண்டால் ஒரு நிமிசத்திலை நூந்திடும்.”

அணைந்தால் அவர் உயிரோடு இருக்கிறார். அது அணைய வேண்டும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அணையவில்லை. பக்கத்தில் நிற்கும் நான் கைபேசியில் வான்வரைபடத்தைப் பார்த்துவிட்டு, அது வெள்ளிக் கோள் என்கிறேன்.

ஜெசிந்தா வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வடிவாப் பாருங்கோ தம்பி. இப்ப நூந்திடும்.”