ஓடையை மூட மண் தராத அகத்தா

மலேசியாவின் கெடா மாநிலத்து மெர்போக் வட்டாரத்தில் வெறுமனே அகத்தா வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். 'தா மாவ்' அகத்தா என்று கேட்டால் மளிகைக் கடையில் நிற்கிறவர் வெளியே வந்து வழி காட்டுவார். வேண்டாம், மாட்டேன் என்பதற்கு மலாயில் வழங்கும் சொல் அது. அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவர் யாரென்று தெரியவில்லை. பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்.

அவள் பிறந்தது பாடாங் மேஹா பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். கத்தோலிக்கக் குடும்பம். கூலிமில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துக் கோயிலில் கல்யாண ஓலையும் வாசித்துவிட்ட பிறகு, மாட்டேன் என்றாள். அவளுக்கு ரப்பர்ப் பால் ஏற்றும் லோரியில் வேலை செய்த முனியாண்டியைப் பிடித்திருந்தது. சரி, பையன் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டால் யோசிக்கலாம் என்று பெரியவர்கள் இறங்கி வந்தார்கள். முனியாண்டியும் தயாராகத்தான் இருந்தான். அதற்கும் மாட்டேன் என்றவள் அவள்தான். "எனக்காகச் சாமிய மாத்துனவரு, நாளைக்கு இன்னொருத்திக்காக என்னையும் மாத்துவாரு" என்றாளாம். ஆகவே அந்த வீட்டில் மாதாவும் இருந்தாள், முனீஸ்வரனும் இருந்தார், சண்டையும் இருந்தது. சண்டைக்கும் சாமிகளுக்கும் சம்பந்தம் இல்லை.

எழுபதுகளில் அந்தத் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் திசைக்கு ஒருவராகச் சிதறினார்கள். அகத்தா தாலியைத் தவிர மற்றதையெல்லாம் விற்று, மெர்போக் சதுப்புக்காட்டு ஓரத்தில் ஒரு செம்மண் மேட்டை வாங்கினாள். வயதான ரப்பர் மரங்கள், கல்லும் மண்ணுமாக ஒரு குன்று. யாரும் சீந்தாத இடம். விடியலில் மரம் வெட்டிப் பால் எடுத்தாள். மேட்டின் உச்சியில் தகரக் கூரை போட்டு மாதா சுரூபத்தை அவள் வைக்க, பக்கத்து மரத்தடியில் முனியாண்டி ஒரு கல்லையும் சூலத்தையும் நட்டு வைத்தான்.

மேட்டுக்குக் கீழே ஓடை. கடல் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். இரண்டு பக்கமும் பாக்காவ் என்னும் சதுப்பு மரங்கள் வேரை ஊன்றிக்கொண்டு நிற்கும், தள்ளி நீப்பாப் பனைகள். முனியாண்டி சம்பான் என்னும் சிறு படகில் போய் அங்கே நண்டுக் கூடு வைப்பான். மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் தோட்டத்தை விட்டு வந்த தமிழர் வீடுகள் கொஞ்சம், அதையடுத்து கம்பம் எனப்படும் மலாய்க் கிராமம் ஒன்று. பெரிய மழையில் மேலேயிருந்து வரும் வெள்ளமெல்லாம் அந்தப் பள்ளத்தைத் தாண்டி, சதுப்புக்காட்டில் பரவி, ஓடை வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். அதற்கு வேறு வழி கிடையாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் புதிய நெடுஞ்சாலை வந்தது. அதாவது, முதலில் சிவப்புத் துணி கட்டிய முளைகள் வந்தன. அவை நேராகச் சதுப்புக்காட்டுக்குள் இறங்கின. பிறகு சாலை போடக் குத்தகை எடுத்த கம்பெனியின் ஆள் சப்பாத்தில் சேறு படாமல் நடந்து மேட்டுக்கு வந்தான். அவனுக்கு வேண்டியது சாலைக்கு நிலம் அல்ல. மேட்டின் மண்.

சதுப்பைக் கடக்க இரண்டு வழி உண்டு. மண்ணைக் கொட்டி வரப்புபோல உயர்த்தி, அடியில் நாலு குழாய் புதைத்துவிட்டு, மேலே தார் போடலாம். இல்லையென்றால் தூண் இறக்கி அதன்மேல் பாலம் கட்டலாம், அடியில் தண்ணீர் அதன் பாட்டுக்குப் போகும். முதலாவதுதான் மலிவு, அதுவும் மண் பக்கத்திலேயே கிடைத்தால் மட்டும். அகத்தாவின் மேடு சாலை முளைகளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்த மேட்டைக் கரைத்து அந்த ஓடையிலேயே கொட்டிவிடலாம் என்று எவனோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கண்டுபிடித்திருந்தான்.

கம்பெனி ஆள் சொன்ன விலைக்குச் செங்கல் வீடு கட்டலாம். முனியாண்டியின் முகம் மலர்ந்தது. அகத்தா வந்தவனைத் தேநீர் குடிக்கச் சொன்னாள். குடித்து முடித்ததும் "மண்ணு தர்றதுக்கில்ல" என்றாள். 

"கொடுக்கலைன்னா அரசாங்கமே எடுத்துக்கும்மா."

"எடுக்கட்டும். அப்ப எதுக்கு நீங்க இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க?"

அன்று முனியாண்டி கத்தினான். அவன் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. "வருசக்கணக்கா சேத்துல கெடந்து காலெல்லாம் வெடிச்சுப்போச்சு. எனக்கு மட்டும் நண்டு புடிக்கணும்னு ஆசையா? மண்ணத்தானே கேக்குறான், புள்ளையவா கேக்குறான்?"

பிள்ளை என்ற சொல்லைக் கேட்டதும் அகத்தா எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் அக்காள் ரோசம்மாவின் கைக்குழந்தை முனியாண்டிக்கும் நினைவுக்கு வந்தது.

அது பழைய தோட்டத்தில் நடந்தது. லயத்துக்குப் பின்னால் ஓடிய கால்வாயை மூடி லோரிப் பாதை போட நிர்வாகம் முடிவு செய்தது. பாதை காளி கோயிலை உரசிக்கொண்டு போனது. ஜனங்கள் கொதித்து எழுந்தார்கள். வேலைக்குப் போகாமல் கோயில் முன்னால் உட்கார்ந்தார்கள். துரை இறங்கி வந்து, பாதைக்கு அந்தப் பக்கம் சிமெண்டில் புதுக் கோயில் கட்டிக் கொடுத்தார். மேளம் அடித்து, பொங்கல் வைத்து, எல்லோரும் ஜெயித்துவிட்டோம் என்று வீட்டுக்குப் போனார்கள். கால்வாயைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அந்த வருட மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் லயத்துக்குள்ளேயே நின்று அழுகியது. வாந்தியும் பேதியும் வந்தன. ரோசம்மாவின் குழந்தை போனது அதில்தான். சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தவர்களில் அகத்தாவும் ஒருத்தி. அந்தக் கோபம் அவளுக்கு இறுதிவரை ஆறவில்லை. ஏன் ஆற வேண்டும்?

அவள் மாட்டேன் என்ற செய்தி பரவியதும், ஊர் தானாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. மேட்டில் மாதா இருக்கிறாள், முனீஸ்வரன் இருக்கிறார், அதனால்தான் தரமாட்டேன் என்கிறாள். கம்பெனிக்கு இது நல்ல செய்தி. சாமிக்கு மருந்து அவர்களிடம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஞாயிறு ஜெபம் நடத்தும் மோரிஸும் கோயில் கமிட்டித் தலைவர் ராமையாவும் ஒரே மோட்டார்க் காடியில் வந்து இறங்கினார்கள். ஆயுளில் ஒரு தடவையாவது இருவரும் ஒன்று சேர்ந்தார்களே என்று முனியாண்டி வியந்தான்.

"பளிங்குல மாதாவுக்குக் கெபி கட்டித் தர்றாங்களாம், அகத்தா. மெயின் ரோட்டோரம். போறவன் வர்றவனெல்லாம் நின்னு மெழுகுவத்தி வைப்பான்" என்றார் மோரிஸ்.

"நம்ம முனிக்கும் கோபுரம் வெச்சுத் தர்றாங்க" என்றார் ராமையா.

"ரொம்ப நல்லது. கட்டிக்கச் சொல்லுங்க. மண்ணு மட்டும் தர்றதுக்கில்ல."

ராமையா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் மனம் வேறு பக்கம் வேலை செய்தது. குரலைத் தாழ்த்தினார். "சரி, தங்கச்சி. ஒனக்குக் குடுக்கவே இஷ்டமில்லன்னா அதுக்கும் வழி இருக்குலா. சூலத்தப் பெருசா நடுவோம். சாமி எறங்கி எடத்த வுடாதன்னு சொல்லிருச்சுன்னு ஒரு வார்த்தை. நம்ம ஆளுங்க எத்தன எடத்த அப்புடிக் காப்பாத்தியிருக்கோம். ஒருத்தன் கிட்ட வரமாட்டான்."

அது பொய்யில்லை. கெடாவில் அப்படித் தப்பிய இடங்கள் உண்டு. முனியாண்டிகூட, விற்கவில்லையென்றால் இப்படியாவது வம்பை முடித்துத் தொலை என்ற முகத்தோடு அவளைப் பார்த்தான். அகத்தா அசையவில்லை.

"அண்ணே, சாமின்னு சொன்னா சாமிக்கு வேற வீடு கட்டிக் குடுத்துட்டுப் போயிருவாங்க. இப்பவே ரெண்டு கட்டித் தர்றேங்குறாங்க. ஓடைக்கு யாரு வேற வீடு கட்டித் தருவா?"

இருவரும் கோபித்துக்கொண்டு போனார்கள். அந்த வருடம் மாதா திருவிழாவில் அவள் கொடுத்த பூவைத் தேரில் வைக்கவில்லை. முனி பூசைக்கு முனியாண்டியையும் கூப்பிடவில்லை. அன்று அவள் அழுதாள். அழுதுகொண்டே மறுநாள் மரம் வெட்டப் போனாள்.

அடுத்து வந்தவர் லியோனார்ட். சாலையை வரைந்த ஆலோசனை நிறுவனத்தின் பொறியாளர், செர்டாங் ஊர்ப் பையன். அவரும் விலை பேசத்தான் அனுப்பப்பட்டிருந்தார். ஆனால் மேட்டில் நின்று சதுப்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மனதில் இருந்ததைச் சொன்னார்.

"அக்கா, குழாயெல்லாம் நீப்பா ஓலை வந்து அடைச்சுரும். எங்களுக்கும் தெரியும். பாலம் வெச்ச பிளான் ஒண்ணு போட்டு, சதுப்பு குறுகலா இருக்குற பக்கமா ரோட்டத் தள்ளி வரைஞ்சும் வெச்சிருக்கேன். ஒருத்தரும் தொடமாட்டேங்குறாங்க. மண்ணு பக்கத்துலேயே இருக்கும்போது எதுக்குப் பாலம்னு கேக்குறாங்க."

"அரசாங்கம் எடுத்துக்கும்னாரே ஒருத்தரு?"

"ரோடு போற நெலத்த எடுப்பாங்க. மண்ணு வேணும்னா கம்பெனி ஒங்ககிட்ட கேட்டுத்தான் ஆகணும். நீங்க தரலைன்னா தூரத்துலேர்ந்து லோரியில வரணும். அப்ப பாலமும் மண்ணும் கிட்டத்தட்ட ஒரே செலவு." கூடவே, "இத நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க" என்றார்.

"சம்பளம் வாங்குறீங்கல்ல, பயம் இருக்கும்" என்றாள் அகத்தா. அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவர் காது சிவந்தது.

ஊர்ப் பொதுமண்டபமான பாலாய்ராயாவில் கூட்டம் போட்டார்கள். மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி நல்ல மனிதர், பாவம். அவருக்கும் வேலை முடிய வேண்டும். அகத்தாவைப் பார்த்து மலாயில் கனிவாகச் சொன்னார்: வழிபாட்டு இடம் என்று பதிந்துவிடுகிறேன், சுலபம், மேலே யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், கம்பெனி வேறு மேட்டைப் பார்க்கும்.

ஒரே ஒரு ஆமாம் போதும். அவள் மேடு தப்பிவிடும். வேறு மேட்டு மண் வந்து ஓடையில் விழும். ராமையா பின்னாலிருந்து "ஆமான்னு சொல்லு, ஆமான்னு சொல்லு" என்று முணுமுணுத்தார்.

அகத்தா தனக்குத் தெரிந்த மலாயிலேயே பேசினாள். சாமிக்காக இல்லை, துவான். சாமியை நான் கையில் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். ஓடையை மூடாதீர்கள் என்றுதான் தரவில்லை. அப்படியே எழுதுங்கள்.

அதிகாரி பேனாவைப் பிடித்தபடி கூட்டத்தைப் பார்த்தார். இவள் சொல்வதை வேறு யாராவது சொல்கிறார்களா என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கூட்டமாக இருக்கும்போது நம்மவர்களுக்குத் தரைமேல் வரும் அக்கறை தனி.

முனியாண்டிதான் எழுந்தான். "நான் விக்கலாம்னு சொல்றவன் துவான், இன்னிக்கும் அதான் சொல்றேன். ஆனா அவ சொல்ற ஓடை விசயம் நெசம். பெரிய தண்ணி வந்தா இப்பவே என் சம்பான் வாசப்படிக்கு வருது. அதையும் அடைச்சா நாங்க எங்க போறது?" என்று தமிழும் மலாயும் கலந்து சொல்லிவிட்டு, மனைவியைப் பார்க்காமல் உட்கார்ந்தான். பிறகு மலாய்க் கம்பத்து ஆட்கள் இரண்டு பேர் எழுந்து அதையே சொன்னார்கள். அதிகாரி எழுதினார். யாரும் கேட்காமலே லியோனார்ட் எழுந்து, தன்னிடம் இன்னொரு வரைபடம் இருக்கிறது என்றார். இதனால் வேலைக்கு ஆபத்து என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டார்.

வேலை மாதக்கணக்கில் நின்றது. பிறகு முளைகள் இடம் மாறின. சாலை சதுப்பின் குறுகலான பக்கம் தள்ளிப் போனது. ஓடைமேலும் அதன் கிளைகள்மேலும் தூண் வைத்துப் பாலம் வந்தது. தூண் இறக்கும் இயந்திரத்துக்காகக் காட்டுக்குள் மண் கொட்டாமல் மரப் பலகைமேடை கட்டினார்கள். எல்லாம் ஜெயம் என்று சொல்லமாட்டேன். சாலையின் மறு கோடியில், நீப்பாக் காடு இருந்த பக்கம், எங்கிருந்தோ மண் கொண்டுவந்து வரப்புதான் போட்டார்கள். அங்கே நீப்பா மஞ்சளாகிச் செத்தது. அகத்தா அதைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் கெட்ட வார்த்தையில்தான் முடிப்பாள்.

பாலம் முடியும் தறுவாயில் கம்பெனிக்கு ஒரு சங்கடம் வந்தது. பாலத்தின் இந்தத் தலைமாட்டில் சாலை ஏற ஒரு சரிவு வேண்டும். அதற்குக் கொஞ்சம் மண் வேண்டும். கையெட்டும் தூரத்தில் அகத்தாவின் மேடு. கம்பெனி ஆள் வரப் பயந்து லியோனார்டை முன்னே தள்ளி, பின்னால் நின்றான். வேடிக்கை பார்க்க மோரிஸும் ராமையாவும் வந்துவிட்டார்கள்.

அகத்தா வரைபடத்தைக் காட்டச் சொன்னாள். சரிவு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, ஓடைக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். பிறகு, "எடுத்துக்கட்டும். மேக்குப் பக்கமா, மரம் பட்டுப்போன எடத்துல" என்றாள். சொன்ன கையோடு விலை பேச ஆரம்பித்தாள். கம்பெனி ஆளுக்கு வியர்த்தது.

மோரிஸுக்குப் பொறுக்கவில்லை. "மாதா கெபியச் சொல்லிக் கேட்டப்ப தரமாட்டேன்ன. இப்ப இவனுக்கு மட்டும் தர்றியா?"

"மண்ணு மேல எனக்கு என்னண்ணே ஆசை? ஓடைய மூடத் தரமாட்டேன்னு சொன்னேன். அன்னிக்கும் அதான், இன்னிக்கும் அதான். சாமி மண்ணுன்னு அன்னிக்கே ஒரு பொய் சொல்லியிருந்தா, இன்னிக்கு யார்கிட்ட உத்தரவு வாங்கிக் குடுக்குறது, சொல்லுங்க?"

ராமையா முனியாண்டியிடம் வெற்றிலை கேட்டு வாங்கிக்கொண்டார்.

மண் ஏற்றிய முதல் லோரி மேட்டை விட்டு இறங்கியபோது ஓட்டுநர் குறுக்கு வழியாக ஓடைக்கரைப் பக்கம் திருப்பினான். அகத்தா பால் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போய் லோரிக்கு முன்னால் நின்றாள். அவன் ஹாரன் அடித்தான். அவள் நகரவில்லை.

"ரோட்டுப் பக்கமாப் போ, தம்பி. ஒரு கூடை மண்ணு அந்தத் தண்ணியில விழுந்துச்சுன்னாலும் அடுத்த லோரி இந்த மேட்டுல ஏறாது."

அவன் லோரியைப் பின்னுக்கு எடுத்து, சுற்றுவழியில் போனான்.