அம்மன் விட்டுவைத்த வெண்டை

என் ஓரகத்தி ரேணுகாம்பாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். எனக்கு மட்டும் என்ன குறைச்சலா? அதனால் எங்கள் வீட்டில் சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. அக்கா என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். அவள் கூரத்தில் பிறந்து தாமலில் வாழ்க்கைப்பட்டவள். எழுத்துக் கூட்டத் தெரியாது. ஏரிக்குக் கீழே துரைக்கண்ணுவின் முப்பது சென்ட் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வெண்டை போடுவாள். முதல் பஸ்ஸில் கூடையோடு காஞ்சிபுரம் போய், பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீடுகளில் விற்றுவிட்டு வருவாள்.

அறுபத்தொன்பதாம் வருஷத்திலும் எழுபதிலும் வெண்டைக்கு மஞ்சள் நோய் வந்தது. முதலில் இலை நரம்பு மஞ்சளாகும், பிறகு இலையே மஞ்சளாகும், காய் வெளுத்துக் கோணிக்கொள்ளும். கிராம சேவகர் வந்து பார்த்தார். "இது வைரஸும்மா. வெள்ளை ஈ பரப்புது. மருந்து கிடையாது, புடுங்கிப் போடு" என்றார். எழுபத்தொன்றிலும் வயல் மஞ்சளானபோது துரைக்கண்ணு வரப்பில் நின்று, "இன்னும் ஒரு வருஷம் பாக்குறேன். அப்பவும் இப்டின்னா நெலத்த விட்டுடும்மா, நான் கரும்பு போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மஞ்சளுக்கு நடுவில் ஒரே ஒரு செடி மட்டும் பச்சையாக நின்றது. அதிலும் வெள்ளை ஈ மொய்க்கத்தான் செய்தது, ஆனாலும் ஓர் இலைகூடப் பழுக்கவில்லை. எங்கள் ஊரில் நல்ல காயெல்லாம் கூடைக்குப் போய்விடும். விலை போகாமல் முற்றுகிற கோணல் காய்தான் விதைக்கு. இது தப்பு என்று அக்காவுக்கு அன்றைக்குத்தான் உறைத்திருக்கிறது. தறிக்காரர் வீட்டில் கேட்டு வாங்கிய சிவப்புப் பட்டு நூலை அந்தச் செடியில் அடையாளமாகக் கட்டிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டில் ஆடிக் கூழ். அக்கா கேழ்வரகு அரைக்கப் போயிருந்தாள். குழம்புக்குக் காய் பறிக்க நான் வயலுக்குப் போனேன். மஞ்சள் கோணலை அம்மனுக்குப் போட மனசு வருமா? பார்த்தால் பச்சைச் செடி, அதில் சிவப்பு நூல்! நேர்ந்துவிட்ட கோழிக்கும் வாழைத்தாருக்கும் நாங்கள் சிவப்பு நூல்தான் கட்டுவோம். அக்கா செடியையே நேர்ந்துவிட்டாள் போலிருக்கிறது என்று கும்பிட்டு, காயையெல்லாம் பறித்தேன். பூவும் பிஞ்சுமாக இருந்த செடியை வேரோடு பிடுங்கி வேப்பிலையோடு அம்மன் காலடியில் வைத்தேன். அடியில் காய்ந்து நெற்றாகிப்போன காய் ஒன்று இருந்தது. அதை வரப்பிலேயே வீசிவிட்டேன். அம்மனுக்கு யாராவது நெற்றுப் போடுவார்களா?

அக்கா மாவோடு வந்து கூழ் காய்ச்சி, வார்ப்பதற்குக் கரண்டியோடு அம்மன் முன்னால் வந்தாள். காலடியில் கிடந்த செடியைப் பார்த்தாள், நூலைப் பார்த்தாள்.

"தேவகி, இதுல இருந்த காய் எங்கடி?"

"கொழம்புலக்கா. அம்மனுக்குப் படைச்சாச்சு."

வேறொரு நாளாக இருந்தால் என்னைத் தெருவில் இழுத்துப்போட்டுத் திட்டியிருப்பாள். படைத்ததைத் திட்ட முடியுமா? அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அது வெதைடி. அத நம்பித்தானே இருந்தேன். நெலம் போச்சுடி" என்று அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

"ஒரு நெத்து வரப்புல போட்டேன்க்கா" என்றேன்.

கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். இரண்டு பேரும் முட்டி போட்டுக்கொண்டு புல்லை விலக்கி விலக்கித் தேடினோம். அருகம்புல்லுக்குள் கிடந்தது. உள்ளே நாற்பத்து மூன்று விதை.

மறு வருஷம் அதைத் தனியாகப் போட்டாள். பதினொன்று மஞ்சளானது. அவற்றைப் பூ விடுமுன்னே பிடுங்கி எரித்தாள். மீதி முப்பத்திரண்டும் பச்சையாகவே நின்றன. சுற்றிலும் அடுத்தவர் வயலெல்லாம் மஞ்சள். துரைக்கண்ணு வந்து வரப்பில் நின்று ஒவ்வொரு செடியாகப் பார்த்தார். "போட்டுக்கோம்மா" என்றார். கரும்புப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

எழுபத்து நாலில் வாலாஜாபாத்திலிருந்துகூட விதை கேட்டு வந்தார்கள். கிராம சேவகர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்த வெதை ஏதும்மா?" என்றார். நான் அடுப்படியில் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அம்மன் விட்டுவச்சது சார்" என்றாள் அக்கா.

ஊரில் அந்த வெண்டைக்கு அதுவே பேராகிவிட்டது. பிடுங்கியவள் யார் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. நானாகச் சொன்னால்தான் உண்டு, இப்போது சொல்லிவிட்டேன்.