அக்காவுக்குப் பிடித்த டைரக்டர்

செங்கல்பட்டு ஸ்டேஷன் சுவரில் இன்று யாரோ நோட்டீஸ் ஒட்ட, வாளியிலிருந்து வந்த மைதாப் பசை வாசனை, இப்போது வீட்டுமனைகளாகிவிட்ட திருப்போரூர் சினிமாக் கொட்டகைக்கு என்னை இழுத்துப்போனது.

தகரக் கூரை அனலடிக்க, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து காலை மடித்து உட்கார்ந்திருப்போம். எல்லோரும் ஹீரோவுக்கு விசிலடிப்பார்கள். என் அக்காவோ டைரக்டர் பெயர் வரும்வரை என் கையை இறுக்கிப் பிடித்திருப்பாள். அவளுக்குப் பிடித்த டைரக்டரின் படங்களில், பிரிந்த புருஷன் கடைசியில் எப்படியும் வந்து மனைவியைக் கூட்டிப்போய்விடுவான்.

மாமாவோடு சண்டைபோட்டு வீட்டுக்கு வந்துவிட்ட அக்கா, பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்த நாட்களில், அந்த டைரக்டரின் புதுப்படம் வந்தது. அதில் புருஷன் வரவேயில்லை. கதாநாயகி வேலைக்குக் கிளம்பிப்போக, படம் முடிந்தது. ஜனங்கள் திட்டிக்கொண்டே கலைந்தார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை.

"இன்னாடி, இந்தாளு இப்டிப் பண்ணிட்டான்?" என்றாள்.

"வுடுக்கா, வேற டைரக்டர் படம் பாக்கலாம்."

"வாணாம். இவன் கரெக்டாதான் சொல்லிக்கீறான்."

அடுத்த திங்கட்கிழமை அக்கா தையல் கம்பெனி வேலைக்குப் பஸ் ஏறினாள். மூன்று மாதம் கழித்து மாமா கூட்டிப்போக வந்து, சாயங்காலம்வரை காத்திருந்தார். வேலையிலிருந்து திரும்பியவள் அவருக்குச் சோறு போட்டாள், கூடப் போகவில்லை.