வாசற்படிக்கு வெளியே கோவிந்தராஜ் மாமா

மூன்று பழைய மாதா கோயில்களின் கதவுக் கீல்களும் எங்கள் கோவிந்தராஜ் மாமாவுக்கு அத்துப்படி. உள்ளே எவ்வளவு இடம் இருக்கும் என்று கேட்டால் தெரியாது. இருபத்தாறு வருஷம் எங்களோடு நடந்து வந்த மனிதர், போன வருஷம் வரைக்கும் ஒரு கோயிலுக்குள்ளும் கால் வைத்ததில்லை.

மாமா என்றால் என் அக்கா மேரியின் புருஷன். மராட்டிச் சீமையில், தாபோடியில் எதிரெதிர் வீடு. அவர் ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர், குடியாத்தம் பக்கத்து ஆள். நான் ஏழாவதோடு படிப்பை விட்டுவிட்டு கசார்வாடியில் லேத் ஓட்டப் போனவன். அக்காவும் அவரும் காதலித்தார்கள். எங்கள் அப்பா ஒரு மாதம் கத்திவிட்டு ஓய்ந்தார். மாமாவுடைய அம்மா கத்தவே இல்லை. கற்பூரம் ஏற்றி வைத்து, "கட்டிக்கோ. ஆனா அவங்க கோயில் வாசப்படிய தாண்ட மாட்டேன்னு இது மேல அடிச்சு சத்தியம் பண்ணு" என்றது. மாமா அடித்தார். கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்தது.

வருஷா வருஷம் செப்டம்பரில் மாதா திருநாளுக்குக் காவி உடுத்தி, கொடி பிடித்து, இரண்டு நாள் நடப்போம். முதல் கோயில் வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குக் கட்டிய கல் கட்டடம். இரண்டாவது, மராட்டிக் கிராமத்தில் ஓடு வேய்ந்தது. அங்கே பெஞ்சு கிடையாது, ஜமக்காளம்தான். மணி வேப்பமரத்தில் தொங்கும். மூன்றாவது மேட்டு மேல் கருங்கல்லில் நிற்கும். அதற்கு நூற்று நாற்பது வயசு என்பார்கள். பைபாஸ் ரோடு வருவதற்கு முன்னால் கரும்புக் கொல்லைக்குள்ளேயே போவோம். சேறு முழங்கால் வரைக்கும் வரும், சிரிப்பு அதற்கு மேலே.

ஒரு வருஷம் காவியையும் கொடியையும் பார்த்துவிட்டு, பண்டரிபுரத்துக்குப் போகிற கூட்டம் என்று ஒரு கிராமமே எங்கள் காலில் விழுந்தது. "மாவுலி, மாவுலி" என்று கும்பிட்டு டீ கொடுத்தார்கள். நான் காலை இழுத்துக்கொண்டேன். மாமா நிதானமாக மராட்டியில், "மாவுலின்னா அம்மாதானே? நாங்களும் அம்மாவைப் பார்க்கத்தான் போறோம்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது டீயும் வாங்கிக் குடித்தார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

நாங்கள் உள்ளே ஜெபமாலை சொல்லும்போது மாமா வெளியே நீள மூக்கு எண்ணெய்க் குப்பியோடு நிற்பார். வெளிக்கீலுக்கு எண்ணெய் விடுவது சுலபம். உட்கீலுக்கு, கால் இரண்டும் படிக்கு வெளியே இருக்க, உடம்பை வளைத்துக் கையை மட்டும் உள்ளே நீட்டுவார்.

"மாமா, கை உள்ள வந்துடுச்சே, சத்தியம் என்னாச்சு?" என்று சீண்டுவேன்.

"வாசப்படிய காலுதான்டா தாண்டும். கையா தாண்டும்? போடா, பெரிய போப்பாண்டவரு."

எனக்கு அவர் மேல் உள்ளுக்குள் கோபம் இருந்தது. அக்காவை எங்கள் கோயிலில் தனியாகவே உட்கார வைத்த மனுஷன் என்று.

போன தை மாசம் அக்கா போய்விட்டது. சர்க்கரை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், வேளாங்கண்ணியில் வாங்கி வைத்திருந்த தடி மெழுகுவர்த்தியை மாமா கையில் கொடுத்து, "மேட்டுக் கோயில்ல ஏத்திடுங்க" என்றது. நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் கொடுக்கவில்லை.

இந்த வருஷம் கூட்டத்தை எங்கள் தெருப் பையன் விஜய் நடத்தினான். வாட்ஸ்அப் குரூப், மூட்டைக்கு டெம்போ, எல்லாம் நேரப்படி. முதல் இரண்டு கோயிலிலும் மாமா எண்ணெய் விட்டார். மேட்டுக் கோயிலில் எல்லோரும் உள்ளே போன பிறகு மெழுகுவர்த்தியை என்னிடம் நீட்டினார்.

"ஸ்டீபா, நீ ஏத்திடு."

"உங்க கையிலதானே குடுத்தா?"

"அம்மாவுக்கு கற்பூரத்துல அடிச்சிருக்கேன்டா."

"உங்கம்மா போயி பன்னெண்டு வருஷம் ஆச்சு மாமா."

"வாங்கினவங்க போயிட்டா சத்தியமும் போயிடுமா?"

"அப்ப எங்கக்காவுக்கு என்ன சொன்னீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "ஏத்துறேன்னு சொன்னேன்."

நான் கையைக் கட்டிக்கொண்டேன். வாங்கவில்லை. கல்நெஞ்சு என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள்.

மாமா படிக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஏற்றப் பார்த்தார். தூறலும் மேட்டுக் காற்றும் சேர்ந்து ஒவ்வொரு குச்சியாக அணைத்தன. கடைசிக் குச்சியில் திரி பிடித்தது. அவர் கை குவித்து மறைப்பதற்குள் அதுவும் போனது. காலித் தீப்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தார். உள்ளே பீடத்தில் வரிசையாக விளக்குகள் எரிந்தன. பத்தடி தூரம் இருக்கும்.

எழுந்தார். சொந்த ஊர் இருக்கும் தெற்குப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "எம்மோவ், மன்னிச்சிக்கோ. அவகிட்டயும் ஒத்துக்கினு வந்துட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னார். படியைத் தாண்டிவிட்டார்.

வாசலிலிருந்து பார்த்தேன். பாட்டு நின்று போனது. யாரும் திரும்பவில்லை, வழி மட்டும் விட்டார்கள். எரிந்துகொண்டிருந்த ஒரு மெழுகுவர்த்தியில் பற்றவைத்து, அக்காவுடையதை நடுவில் நட்டார். ஆடுகிறதா என்று இரண்டு விரலால் அசைத்துப் பார்த்தார். ஃபிட்டர் இல்லையா. உடனே திரும்பி, வேகமாக வெளியே வந்துவிட்டார்.

"சின்ன இடம்தான்டா. நான் என்னமோ பெரிசா நெனைச்சிட்டிருந்தேன்" என்றார். பிறகு குனிந்து காலைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"அய்யய்யோ, செருப்போட போயிட்டேன்டா."

சேறு அப்பிய செருப்பு. பீடம் வரைக்கும் தடம் தெரிந்தது. எனக்கு சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "அக்கா இருந்தா கிழி கிழின்னு கிழிச்சிருப்பா" என்றேன்.

"கிழிச்சிருப்பா" என்றார் மாமா. செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு, சேற்றைத் துடைக்க மறுபடியும் உள்ளே போனார்.

தடம் பத்தடிதான். துடைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? எல்லோரும் வெளியே வந்து, கொடியைத் தூக்கி, டெம்போ ஹாரன் அடித்தும் அவர் வரவில்லை. விஜய் கடிகாரத்தைக் காட்டி, கூப்பிடப் போனான்.

"விடுடா, இருக்கட்டும்" என்றேன்.